வால்வும் வாலும்

அன்புள்ள தம்பிக்கு,

ஜப்பானிய மொழியின் என்3 தேர்வில் தேறி, எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் ஜப்பானிய இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்கச் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். 2010 முதல் அங்குள்ள காமராஜர் துறைமுகத்தில் நிசான் கார்கள் கப்பலேறுகின்றன. இந்த மொழிக்கு நம் வட்டாரத்தில் வேலை இருக்கிறது.

ஜப்பானிய எழுத்தில் பொருளைக் காட்டும் கான்ஜியைப் படிப்பது வலது மூளை, ஒலியைக் காட்டும் கானாவைப் படிப்பது இடது மூளை என்று யாராவது சொன்னால் நம்பாதே. தனிக் கான்ஜியைக் கணநேரம் காட்டிச் சோதித்த 1970-களின் ஆய்வுகளில் கிளம்பிய பேச்சு அது. இரண்டு கான்ஜி சேர்ந்து சொல்லானால் இடது மூளையே முந்துகிறது. இருவகையையும் எழுத்தாக அடையாளம் காண்பது இடது மூளையின் பின்பக்க அடிப்பகுதி. அதற்குப் பிறகுதான் பளு மாறுகிறது: கானாவில் ஒலிவழி அதிகம் உழைக்கிறது, கான்ஜியில் வடிவத்திலிருந்து பொருளுக்குப் போகும் வழி. பக்கவாதம் வந்தவர்களில் சிலர் கான்ஜியைப் படித்துவிட்டுக் கானாவில் திணறுவார்கள், சிலருக்கு நேர்மாறு. சுமிகோ சசானுமா இதை 1970-களில் ஆராய்ந்து எழுதினார்.

நாமோ எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவர்கள். கான்ஜியின் தலைமேல் தமிழில் உச்சரிப்பை எழுதிவைக்கக் கை பரபரக்கும். எழுதாதே, கண் அதையே படிக்கும், வடிவம் பதியாது. அதற்குப் பதில் கான்ஜியையே எழுதிப் பழகு. 'வலது', 'இடது' எழுத்துகளின் மேற்பாதி ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 'வலது' சாய்கோட்டில் தொடங்கும், 'இடது' படுக்கைக்கோட்டில். கண் தடுமாறுகிற இடத்தில் கை காப்பாற்றும். மறந்த எழுத்தை ஜப்பானியர்கள் விரலால் காற்றில் எழுதிப் பார்ப்பார்கள். மூளை பாதித்துப் படிக்க முடியாமல் போன சிலர்கூட எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் படித்துவிடுவதுண்டு.

இனிதான் முக்கியமானது. ஜப்பானிய வரியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பழகிய கண் கான்ஜிமேல்தான் அதிகம் இறங்கும். வேகம் அதில் வரும், ஆபத்தும் அதிலேயே. 'திற', 'மூடு' இரண்டு எழுத்துக்கும் ஒரே வாயிற்சட்டம். உள்ளே இருப்பது மட்டும் வேறு. அதைச் சரியாகப் பிடித்தாலும் வேலை முடியவில்லை. 'அகெரு' என்றால் திற. கடைசியில் ஒரு 'நா' ஒட்டினால் திறக்காதே. கான்ஜி மாறவே இல்லை, கானா வால்தான் மாறியது. திறக்கக் கூடாத வால்வைத் திறக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று மணலி, எண்ணூர் ஆலைக் காற்றில் வளர்ந்தவனுக்கு நான் சொல்ல வேண்டாம்.

வினை கடைசியில் வருவதும் மறுப்பு அதன் வாலில் ஒட்டுவதும் தமிழிலும் உள்ளதுதான். வாக்கியம் முடியும்வரை காத்திருக்க உனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தைக் கண்ணுக்கும் கொடு.

ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை படி. முதல் முறை கான்ஜியைப் பிடித்துக்கொண்டு, பொருளுக்காக. இரண்டாம் முறை வினைகளின் வால்களை மட்டும், வாய்விட்டு. ஷிப்டு முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். இரண்டாவது வாசிப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதே. அது முடிந்த பிறகு கையெழுத்துப் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்