ஆட்டுக்கொல்லி நோயும் வெள்ளணுக்களின் மேலுறைப் பொருள்களும்

சிறுவாச்சூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் புஞ்சை நிலமுடையோர், அறுவடை முடிந்தபின் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவது நெடுநாளைய வழக்கம். கிடையினால் நிலத்திற்கு உண்டாகும் நன்மையைப் பற்றி இங்கு எழுத வேண்டுவதில்லை. ஆனால் வெளியூர் மந்தையும் உள்ளூர் ஆடுகளும் ஒரே குட்டையில் நீர் பருகும் அக்காலத்திலேதான் ஆட்டுக்கொல்லி நோய் பரவவும் இடமுண்டாகிறது. இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டென்பதை அறியாத குடியானவர் இன்று அரியர். ஆயினும், "ஊசி போட்ட ஆடும் செத்துவிட்டதே" என்னும் முறையீடு அடிக்கடி நம் காதில் விழுகிறது. அதில் எவ்வளவு நியாயம் உண்டென்பதை ஆராய வேண்டுமாயின், ஆட்டின் உடலிலுள்ள வெள்ளணுக்கள் எவ்விதம் வேலை செய்கின்றன என்பதைச் சிறிது அறிந்துகொள்ளல் அவசியம்.

இந்நோய் முதன்முதலில் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்டில் 1942-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்ட இடம் நமக்குத் தொலைவில் இல்லை. விழுப்புரத்தை அடுத்த அரசூரில் 1987-இல் செம்மறியாடுகளிடையே தோன்றிய நோயே அது. அதற்கு முன்னர் ஆடுகளுக்கு இவ்வாறு கண்டபோதெல்லாம் அதனை மாட்டு வெக்கை என்றே பலரும் எண்ணிவந்தனர். இவ்வெண்ணம் முற்றிலும் காரணமற்றதன்று. இவ்விரு நோய்களின் கிருமிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மனிதருக்கு வரும் தட்டம்மைக் கிருமியும் அக்குடும்பத்ததே.

இனி வெள்ளணுக்களைக் கவனிப்போம். அவற்றுள் ஒருவகை, நெஞ்சுக்கூட்டின் முன்பாகத்திலுள்ள தைமஸ் என்னும் சுரப்பியில் பக்குவமடைந்து வெளிவருவதால், அதன் முதலெழுத்தைக் கொண்டு டி அணுக்கள் எனப்படும். இவற்றுள் சில, கிருமி புகுந்த அணுக்களைத் தாமே கொல்லும். வேறு சில, மற்ற வெள்ளணுக்களை ஏவி வேலை வாங்கும். கிருமியை நேரே கண்டறியும் சக்தி இவற்றிற்கு இல்லை. வேறோர் அணு, கிருமியின் துண்டொன்றைத் தன் மேலுறையின்மீது ஏந்திக் காட்டவேண்டும். ஏந்துகின்ற அப்பொருளும் அதே உடலுக்கு உரியதாயிருந்தாலன்றி டி அணு அதனை ஏற்காது. இவ்வுண்மையை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1974-இல் டோஹர்ட்டி, ஜிங்கர்நாகல் என்னும் இருவர் நிறுவினர். 1996-இல் நோபெல் பரிசும் பெற்றனர். டோஹர்ட்டி என்பவர் கால்நடை வைத்தியம் பயின்றவர் என்பது நம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

துண்டைக் கண்டமாத்திரத்தில் டி அணு போருக்கு எழுந்துவிடுவதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் தலைவரும் காரியதரிசியும் ஆகிய இருவர் ஒப்பமும் இருந்தாலன்றிப் பணம் எடுக்கவியலாதது போல, இங்கும் இரண்டாவது ஒப்பம் வேண்டும். டி அணுவின் மேலுறையில் சிடி 28 என்றொரு பொருள் உள்ளது. துண்டை ஏந்தும் அணுவின் மேலுள்ள பி 7 என்னும் பொருளுடன் அது பொருந்துவதே அவ்விரண்டாம் ஒப்பம். முதல் ஒப்பம் மட்டும் கிடைத்து இரண்டாவது கிட்டாத டி அணு, பின்னர் அழைத்தாலும் எழாமல் மந்தித்துப்போகும். உயிர்ப்புள்ள தடுப்பூசி சிறப்பாக வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்; அது உடலில் சிறிதளவு பெருகி, அபாய அறிகுறியை எழுப்பி, இரண்டு ஒப்பங்களையும் பெற்றுத் தருகிறது.

எழுந்த படையை அடக்கவும் ஏற்பாடு உண்டு. சிடிஎல்ஏ 4 என்னும் மேலுறைப் பொருள், அதே பி 7-ஐ மேலும் இறுகப் பற்றி, சிடி 28-க்கு இடங்கொடாமல் செய்துவிடும். இது இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகள், தம் வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகியதனாலேயே சில வாரங்களில் மாண்டன. பிடி 1 என்பது மற்றொரு தடை. இவ்விரண்டையும் பற்றிய ஆராய்ச்சிக்காக அமெரிக்கரான அலிசனுக்கும் ஜப்பானியரான ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அது புற்றுநோய் சிகிச்சையைச் சார்ந்த விஷயமாதலால் இங்கு விரிக்கவில்லை.

நமக்கு முக்கியமானது ஸ்லாம் என்னும் மேலுறைப் பொருள். கிளர்ச்சியடைந்த டி அணுக்களும் வேறு சில வெள்ளணுக்களும் இதனைத் தாங்கி நிற்கின்றன. ஓரணுவின் ஸ்லாம் மற்றோரணுவின் ஸ்லாமைப் பற்றிக்கொள்ளும். அதன்மூலம் டி அணு எவ்வகை ரசங்களை எவ்வளவு சுரக்கவேண்டும் என்பது ஒழுங்குபடுத்தப்படுகிறது. காவற்காரரின் இக்கைகுலுக்கலையே ஆட்டுக்கொல்லிக் கிருமி வாயிலாகக் கொண்டுவிட்டது. தட்டம்மைக் கிருமி இவ்வழியே புகுவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2000-இல் கண்டனர். ஆட்டுக்கொல்லிக் கிருமிக்கும் அதுவே வழியென்பது பின்னர்த் தெளிவாயிற்று. கிருமி முதலில் நிணக்கட்டிகளை அடைந்து, அங்குள்ள வெள்ளணுக்களிலேயே பெருகி, அவற்றை அழிக்கிறது. பின்பு நெக்டின் 4 என்னும் வேறொரு பொருளைப் பற்றி மூக்கு, வாய், குடல் இவற்றின் உட்தோலில் புகுந்து வெளியேறுகிறது. மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் யாவும் அப்போதுதான் தோன்றும். வெள்ளணுக்கள் குன்றிய அந்நிலையில், சாதாரண நாளில் தொல்லை தராத நுண்ணுயிர்களும் நுரையீரலைத் தாக்குவதால் ஆடு சளிக்காய்ச்சலில் மாள்கிறது. கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை; மற்ற நுண்ணுயிர்களை அடக்கும் மருந்தும், நீர்ச்சத்து குறையாமற் காப்பதுமே சிகிச்சை.

முன்கூறிய முறையீட்டிற்கு இப்போது வருவோம். கிருமி புகுந்து நோய் வெளிப்பட வழக்கமாக 4 முதல் 6 நாட்கள் செல்லும். ஊசியினால் பாதுகாப்பு உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். பக்கத்துத் தொழுவத்தில் ஆடு விழுந்தபின் ஓடிச்சென்று போடும் ஊசி, ஏற்கெனவே கிருமி புகுந்த ஆட்டைக் காக்கமாட்டாது. ஊசியின்மேல் பழி மட்டும் விழும். மூன்று மாதத்திற்குட்பட்ட குட்டியின் உடலில் தாயின் சீம்பாலால் வந்த எதிர்ப்பொருள், ஊசியிலுள்ள கிருமியையும் அழித்துவிடுமாதலால், அவ்வூசியும் வீணே. பனிக்கட்டியில் வையாத மருந்து உயிர்ப்பிழந்து வெறும் நீராகிறது. கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் செலுத்திவிடவேண்டும். இவற்றைக் கவனித்துச் செலுத்திய ஊசி ஒன்றே மூன்றாண்டுகள் வரை காக்கும். அரசூரில் கிடைத்த கிருமியையே வீரியம் தணித்துத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் ஒரு தடுப்பூசி செய்துள்ளனர் என்பதும் அறியத்தக்கது.

ஆகையால் கிடைக்கு மந்தையை அழைக்குமுன், ஊசி போடப்பட்டதா, எப்போது போடப்பட்டது என்று கீதாரியிடம் கேட்டறிதல் மிராசுதாரர் கடன். உள்ளூர் ஆடுகளுக்கும் கிடை வருவதற்கு மூன்று வாரம் முன்பாகவே போட்டுக்கொள்ளலாம். மூன்று மாதம் கடந்த குட்டிகளுக்கு ஆண்டுதோறும் தனியே போடவேண்டும். கிராம அதிகாரிகளுக்கும் இதில் வேலை உண்டு. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் அட்டவணையில் இந்நோய் சேர்ந்துள்ளது. ஐயமுண்டான ஆட்டைப் பற்றி உடையவர் கிராம அதிகாரியிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்கவேண்டும். அவர்கள் அதனை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்துமூலம் அறிவிக்கலாம். மாட்டு வெக்கை 1995-க்குப் பின் இந்தியாவில் தோன்றவில்லை. 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிப்பது என உலக உணவு விவசாய ஸ்தாபனமும் உலகக் கால்நடை ஆரோக்கிய ஸ்தாபனமும் குறித்துள்ளன.