சீனுவுக்கு ஆபரேஷன் தேவையா?

கேள்வி: திருமுல்லைவாயிலில் சோழம்பேடு சாலையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். தனி வீடு, கேட் போட்ட சின்ன வாசல். ஏப்ரலில் அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் ஒருவர் அட்டைப்பெட்டியில் நாய்க்குட்டிகளை வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் அடம்பிடித்து ஒன்றைத் தூக்கி வந்துவிட்டாள். கடுவன் குட்டி, பெயர் சீனு. இப்போது எட்டு மாதம், 17 கிலோ. நீளக் கால், ஒட்டிய வயிறு. கோவில்பட்டிப் பக்கத்துக்காரரான என் மாமனார், "இதுல சிப்பிப்பாறை ரத்தம் இருக்கு" என்கிறார்.

போன மாதம் யாரோ கேட்டைத் திறந்து வைத்ததில் வெளியே ஓடியவன், இரண்டு ராத்திரி கழித்துக் காது கிழிந்து வந்தான். அதிலிருந்து எனக்குக் கருத்தடை ஆபரேஷன் யோசனை. கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பியைப் பார்த்தால் குரைத்துத் தீர்க்கிறான். வருகிறவர்கள் காலையெல்லாம் கட்டிக்கொள்கிறான். அதுவும் அடங்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். மாமனாரோ, "காயடிச்சா காவல் போயிடும், பாவமும் கூட. ஊர்ல நல்ல பெட்டை இருக்கு, ஒரு தடவை சேர்த்துட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். என்ன செய்யலாம்? இன்னொன்று, குளிப்பாட்டும்போது பார்த்தேன். இவனுக்கு ஒரு பக்கம்தான் விதை தெரிகிறது. சிலருக்கு அப்படித்தான் இருக்குமா?

- வாசகி, திருமுல்லைவாயில்

பதில்: கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன் அம்மா. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த விஷயம், மற்ற கேள்விகளில் பாதியைத் தீர்த்து வைத்துவிடுகிறது.

ஆண் குட்டியின் விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறந்த பிறகு மெல்ல இறங்கிப் பைக்கு வரும். பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் இறங்கிவிடும். ஆறு மாதம் தாண்டியும் வராதது இனி தானாக வராது. வர வைக்கிறேன் என்று சிலர் போடச் சொல்லும் ஹார்மோன் ஊசிக்கும் இந்த வயதில் பலன் இல்லை, பணத்தை வீணாக்காதீர்கள். ஆனால் முதலில் நிச்சயம் செய்துகொள்ளுங்கள். பயந்தாலும் குளிர்ந்த நீர் பட்டாலும் குட்டிகள் விதையை மேலே இழுத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்ததோ குளிக்கும் நேரத்தில். அவன் அசந்து படுத்திருக்கும்போது, பைக்கு முன்னால் தொடை இடுக்கில் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தோலுக்கடியில் சின்னதாக உருளுகிற ஒன்று தட்டுப்பட்டால் அது பாதி வழியில் நிற்கிறது. ஒன்றுமே தட்டுப்படாவிட்டால் வயிற்றுக்குள் இருக்கலாம். அதை ஸ்கேன் எடுத்துத்தான் தேட வேண்டும்.

உள்ளே தங்கிய விதையை விட்டுவைப்பதில் இரண்டு ஆபத்து. உடம்புச் சூட்டிலேயே கிடப்பதால், பையில் இருக்கும் விதையைவிட அதில் கட்டி வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அந்தக் கட்டிகளில் ஒரு வகை பெண்மை ஹார்மோனைச் சுரந்து, முடி கொட்ட வைத்து, எலும்பு மஜ்ஜையையும் கெடுத்துவிடும். இரண்டாவது, உள்ளேயே முறுக்கிக்கொண்டு திடீர் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். இவை பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வருவதால் நாளைக்கே ஓட வேண்டியதில்லை. ஆனால் சீனுவைப் பொறுத்தவரை "செய்யலாமா" என்ற கேள்வி முடிந்துவிட்டது. "எப்போது, எங்கே" மட்டும்தான் பாக்கி. எடுக்கும்போது இரண்டையும் எடுக்க வேண்டும். வெளியில் தெரிவதை மட்டும் எடுத்து அனுப்பினால், உள்ளே இருப்பது ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவர்களோ ஆபரேஷன் முடிந்த நாய் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உங்கள் மாமனாரிடமும் இதை வைத்தே பேசுங்கள். நாய் வளர்த்துப் பழகிய ஊர்க்காரர் அவர். குறையுள்ள கடுவனைப் பெட்டையோடு சேர்க்கக் கூடாது என்றால் உங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார். இந்தக் குறை வம்சத்தில் தொடரும். பெட்டைக் குட்டிகளிடம் வெளியே தெரியாமலே அடுத்த தலைமுறைக்குப் போகும். கலப்பு வராத சிப்பிப்பாறை ஒழுங்காக மிஞ்சுவதே பெரும்பாடாக இருக்கும்போது, அந்தப் பெட்டைக்கு இவனைச் சேர்ப்பது நியாயமே இல்லை.

பாவம் என்று அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. மாடுகளுக்கு மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் காயடித்த காலத்தைப் பார்த்த தலைமுறை. இங்கே நடப்பது முழு மயக்கத்தில், வலி மருந்தோடு. காவல் குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வாசலில் ஆள் அரவம் கேட்டுக் குரைப்பது விதையிலிருந்து வருவதல்ல.

அதனால்தான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையும் முழுசாக நம்பாதீர்கள். ஆபரேஷனால் நிச்சயமாகக் குறைவது ஊர் சுற்றுவது. பெட்டை வாசனைக்குக் கேட்டைத் தாண்டுவதும், சுவர் சுவராகக் காலைத் தூக்குவதும் பெரும்பாலான கடுவன்களிடம் குறையும். காலைக் கட்டுவதும் ஓரளவு குறையும், ஆனால் எட்டு மாதக் குட்டியிடம் அதில் பாதி வெறும் உற்சாகம். சிலிண்டர் தம்பியைப் பார்த்துக் குரைப்பது பயத்தில் வருவது. பயத்துக்கு இது மருந்தே இல்லை. கூச்சமுள்ள நாய்கள் ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் மிரண்டுபோவதும் உண்டு. அதற்கு இப்போதே வேறு வழி பாருங்கள். அவர் வரும்போது சீனுவைப் பட்டையில் பிடித்துத் தூரத்தில் உட்கார வையுங்கள். குரைக்காமல் பார்க்கிற தூரத்தில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. வாரத்துக்கு வாரம் அந்தத் தூரத்தைக் குறையுங்கள். அதட்டினால் காரியம் கெடும்.

இரண்டு விதையும் இறங்கிய நாயாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு என் பதில் மாறியிருக்காது. காரணம்தான் வேறாக இருந்திருக்கும். நாள் முழுக்க நாலு பேர் திறந்து மூடுகிற கேட், அதைத் தாண்டினால் தெரு, கொஞ்ச தூரத்தில் சி.டி.எச். ரோட்டு லாரி. மார்கழி மாசத்து நாய் என்று ஊரில் சும்மா சொல்லவில்லை. மழைக்காலத்தின் பின்பாதியிலிருந்து தெருப் பெட்டைகள் பருவத்துக்கு வரும்போது, கட்டிப்போட்ட கடுவனும் சங்கிலியை அறுக்கப் பார்ப்பான். அப்படிப் போய்வருகிற நாய்களிடம் நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது, இனச்சேர்க்கையில் தொற்றுகிற ஒரு புற்றுநோய். கிருமி எதுவும் இல்லை, புற்று செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்கிறது. பல ஆயிரம் வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு நாய்க்கு வந்த கட்டி, அந்த நாய் செத்த பிறகும் இன்றுவரை உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறியின் நுனியில் ரத்தச் சொட்டு தெரியும். நீர்க்கடுப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். வின்கிரிஸ்டின் ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். சீனு இரண்டு ராத்திரி வெளியே இருந்தவன். இன்னும் ஆறு மாதத்துக்கு அந்தச் சொட்டு தெரிகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

காது கிழிந்தது என்றால் ஏதோ நாய் கடித்திருக்கிறது. வெறிநாய் ஊசி போட்டிருந்தாலும் கடிபட்ட நாய்க்கு மறுபடி போட வேண்டும். அன்றைக்குப் போடவில்லை என்றால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள். ஆபரேஷன் தை வரை காத்திருக்கும், இது காத்திருக்காது.

ஆமாம், தைதான் நான் சொல்லும் மாதம். இந்த மழையில் உங்கள் பக்கத்துத் தெருக்களில் நிற்கிற தண்ணீரில் தையலோடு நாயை நடத்துவது வம்பு. அவன் வளர்ச்சிக்கும் அந்தக் காலம் சரி. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013-ல் கோல்டன் ரெட்ரீவர்களை ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்குள் விதை எடுத்த கடுவன்களிடம் இடுப்பு மூட்டுக் கோளாறு இரண்டு மடங்காக இருந்தது. எலும்பின் வளர்ச்சியை முடித்துவைப்பதில் ஆண் ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. 2020-ல் அதே குழு கலப்பின நாய்களைப் பார்த்தபோது, வளர்ந்த எடை 20 கிலோவைத் தாண்டுகிறவற்றிடம்தான் இந்தச் சிக்கல் தெரிந்தது. சீனு அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறான். அதனால் பத்து, பதினோரு மாதம் ஆகட்டும். லேப்ரடார் வளர்க்கும் வாசகர்கள் இதையே பிடித்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் இன்னும் பொறுக்க வேண்டும்.

எங்கே? 2023-ல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளின்படி வீட்டு நாயின் தடுப்பூசியும் கருத்தடையும் வளர்ப்பவர் பொறுப்பு. தெருநாய்க்கான முகாம்கள் இருக்கின்றன. சென்னையின் புளூ கிராஸ் 1964-லேயே கையில் எடுத்த வேலை அது, மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டுவிட்டு 1996-ல்தான் அந்த வழிக்கு வந்தது. ஆனால் சீனுவை முகாமுக்குக் கொண்டுபோகாதீர்கள். வழக்கமான ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிடும். வயிற்றுக்குள் தேடுவது வேறு. ஸ்கேனும் மயக்க மருந்துக்கென்று தனி மருத்துவரும் இருக்கிற இடமாகப் பாருங்கள். 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கென்றே துறை இருக்கிறது. தனியாரிடம் போனால், "வயிற்றில் தங்கிய விதை எடுத்துப் பழக்கம் உண்டா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

போகுமுன் ரத்தப் பரிசோதனை கட்டாயம். உண்ணிக் காய்ச்சல் சென்னை நாய்களிடம் சர்வசாதாரணம். வெளியே துள்ளிக்கொண்டு திரிகிற நாயின் பிளேட்லெட் உள்ளே சரிந்திருக்கும். கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் நான் தேதியைத் தள்ளிவிடுவேன். சிப்பிப்பாறை ரத்தம் இருக்கலாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கொழுப்பில்லாத அந்த உடம்பில் சில மயக்க மருந்துகள் சீக்கிரம் இறங்காது, நாய் விழிக்க நெடுநேரம் ஆகும். மாமனாரின் கணிப்பு இங்கேதான் நிஜமாகப் பயன்படப்போகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு பத்து, பதினாலு நாள் கழுத்தில் கூம்பு. "பாவமா பாக்குறான்" என்று கழற்றிவிட்டால் அரை மணியில் தையலைப் பிரித்துவிடுவான். புண்ணில் மஞ்சள் வேண்டாம், குளியல் வேண்டாம், மாடிப்படி வேண்டாம். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் ஐபுபுரூஃபனையோ பாராசிட்டமாலையோ கொடுத்துவிடாதீர்கள். மருத்துவர் எழுதியது மட்டும். பிறகு சாப்பாட்டில் கால் பங்கு குறையுங்கள். மாமனார் டீயோடு போடும் பிஸ்கட்டும் அந்தக் கணக்கில் சேரும்.

தையல் பிரித்த மறுநாளே கேட்டைப் பற்றி அசந்துவிடாதீர்கள். உள்ளே தங்கிய விந்தணு தீர ஒன்றரை மாதம்வரை ஆகும். அதுவரை தெருப் பெட்டையிடம் போனால் குட்டி பிறக்கலாம்.