காவடிக்கு முன் கெண்டைக்கால்

தைப்பூசத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. விரதம் எப்போது தொடங்குவது, காவடிக்குத் துணையாக யார் யார் வருவார்கள் என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டோம். காலைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. போன முறை நானும் பேசவில்லை, அனுபவித்தேன்.

சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். தேசிய சேவையில் 24 கிலோமீட்டர் நடந்தவனுக்கு இதெல்லாம் ஒரு தூரமா என்று நினைத்தேன். ஆனால் அங்கே பூட்ஸ் இருந்தது. காலணியில் குதிகால் சற்று உயர்ந்தே இருக்கும். வெறுங்காலில் அந்த உயரம் போய்விடுவதால் ஒவ்வோர் அடிக்கும் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் கூடுதலாக நீள வேண்டும். அதற்குமேல் தோளில் காவடிச் சுமை, நின்று நின்று நகரும் வரிசை, நடுவில் ஆட்டம் வேறு.

பயிற்சி என்ற பெயரில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நாள் முழுக்க லேப்பில் உட்கார்ந்துவிட்டு, இரவு 11 மணிக்குப் புளோக் கீழே இறங்கி, எடுத்த எடுப்பில் குனிந்து, கால்விரலைத் தொட எம்பி எம்பிக் குதித்தேன். நான்காம் நாள் முழங்காலுக்குப் பின்னால் சுருக்கென்றது. "வேல் குத்தப் போறவன் இதுக்கெல்லாம் பயப்படலாமா?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் இழுத்தேன். மறுநாள் எம்ஆர்டி படிக்கட்டில் இறங்க முடியவில்லை. காவடி போச்சு. அம்மா பால்குடம் எடுத்தார். நான் தண்ணீர் பாட்டிலோடு நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

நடந்தது இதுதான். தசைக்குள் நீளத்தை அளக்கும் சென்சார்கள் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் அவை முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். தசை தன்னைக் காத்துக்கொள்ள உடனே சுருங்கும். நான் நீட்ட, அது சுருங்க, நடுவில் நார் கிழிகிறது. பொறியியல் படிக்கும் எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். தசையும் நாணும் வேகமாக இழுத்தால் விறைக்கும். மெதுவாக இழுத்துப் பிடித்திருந்தால் விட்டுக்கொடுக்கும்.

ஆகவே முதலில் ஐந்து, பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடேற்றுங்கள். அப்புறம் காலை முன்னும் பின்னும் வீசுவது, கணுக்காலைச் சுழற்றுவது. சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் சாய்ந்து 20, 30 விநாடி நிற்பதெல்லாம் நடைப் பயிற்சி முடிந்த பிறகு. குதிக்கவே கூடாது. மூச்சைக் கவனியுங்கள். மூச்சு தானாக அடைபடுகிறது என்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள், கொஞ்சம் பின்வாங்குங்கள்.

தசையின் நடுப்பகுதியில் பரவலாக இழுப்பது நல்ல இழுப்பு. ஊசி மாதிரி ஓரிடத்தில் குத்துவது, மூட்டுக்குள் வலிப்பது, மரத்துப்போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்த வேண்டியதுதான். வீங்கினால், கால் ஊன்ற முடியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

"வலியைத் தாங்குறதுதானே நேர்த்திக்கடன்?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. வேல் குத்தும் வலி நாம் அறிந்து ஏற்பது. தசை கிழியும் வலி நாம் கேட்க மறுத்த எச்சரிக்கை. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்றுதான் எனக்குப் படுகிறது. உடம்பைப் பேணுவதைத் திருமூலரும் ஆன்மிகத்துக்கு வெளியே தள்ளவில்லையே. அதோடு, அன்றைக்கு மேளச் சத்தத்திலும் கூட்டத்தின் வேகத்திலும் உடம்பு சொல்வது நம் காதில் விழாது. கேட்டுப் பழக வேண்டிய காலம் இந்த ஏழு வாரம்தான்.

என் இடது கால் இன்னும் வலது கால் அளவுக்கு நீளவில்லை. ஒரு மாதத்தில் சரியானால் காவடி, இல்லையென்றால் பால்குடம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.