குளக்கரைப் பூச்சியா, ஏடிஸ் கொசுவா?

பேராக்கில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளுக்குக் குறைவில்லை. தைப்பிங் ஏரித் தோட்டமும் அப்படி உருவானதுதான். இத்தகைய நீர்நிலைகளின் ஓரத்தில் மாலையில் புகைபோல் கூட்டமாகப் பறப்பவை எல்லாம் கொசுக்கள் அல்ல. அவற்றுள் பல 'மிட்ஜ்' எனப்படும் கடிக்காத பூச்சிகள். வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள்.

மிட்ஜ் பூச்சி
• இரத்தம் குடிக்கும் ஊசி போன்ற வாய் இல்லை.
• உட்காரும்போது முன்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும்.
• இரவில் விளக்கைத் தேடி வரும்.
• இதன் புழு குளத்தின் அடிச்சேற்றில் வாழும்; மீன்களுக்கு உணவாகும்.
• டிங்கியைப் பரப்பாது. ஆனால் இறந்த பூச்சிகளின் தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைத் தூண்டலாம். அவற்றை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஏடிஸ் கொசு
• கறுப்பு உடல், கால்களில் வெள்ளை வளையங்கள், நீண்ட ஊசி வாய்.
• காலையிலும் மாலையிலும் அதிகம் கடிக்கும்.
• வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும்.
• டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும்.

அந்நாளில் தோட்டங்களில் மலேரியாவைத் தடுக்க ஓடைகளிலும் கால்வாய்களிலும் எண்ணெய் தெளித்ததைச் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். மலேரியாக் கொசு அங்கே வளர்ந்தது. ஏடிஸ் கொசுவோ உங்கள் வாசலிலேயே வளர்கிறது. ஆகவே குளத்தைப் பார்த்து அஞ்சுவதைவிட வீட்டைச் சோதிப்பதே முக்கியம்.

வாரம் 10 நிமிடம் ஒதுக்குங்கள்
• பூச்சாடித் தட்டு, சாமி மேடைச் செம்பு, வாளி, பழைய டயர், கைவிடப்பட்ட ரப்பர் பால் மங்கு ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள்.
• பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிருடன் இருக்கும்.
• தண்ணீர்த் தொட்டியை இறுக மூடுங்கள்.
• உயரத்தில் ஏறவேண்டிய வேலையைப் பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ விடுங்கள்.

காய்ச்சல் வந்தால்
உடனே கிளினிக்கிற்குச் செல்லுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் தாமதிக்கவே கூடாது. வலிக்காக ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இருதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.

காய்ச்சல் இறங்கியதும் நோய் தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள் அல்லது 999 எண்ணை அழையுங்கள்.