நீந்துவது பிள்ளை, மூச்சு வாங்குவது அப்பா

கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. விடிந்தும் விடியாததுமாக புக்கிட் செலம்பாவிலிருந்தும் பீடோங், குரூண் பக்கமிருந்தும் மைவி கார்கள் சுங்கைப் பட்டாணி நீச்சல் குளத்துக்குக் கிளம்பிவிடும். பின்னிருக்கையில் தூக்கம் கலையாத ஒரு பிள்ளை, ஒரு பாட்டில் மைலோ, பொட்டலத்தில் நாசி லெமாக். பிள்ளை தண்ணீரில் இறங்கியதும் கரையில் ஒரு கூட்டம் தொடங்கும். தலைவர் இல்லாத கூட்டம். தீர்மானங்களுக்கு மட்டும் குறைவிருக்காது.

இந்தப் பெற்றோரில் பலருக்கு நீச்சல் தெரியாது. அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. தோட்டத்தில் திடல் இருந்தது, பந்து இருந்தது. நீச்சல் குளம் துரைமார் கிளப்பில்தான் இருந்தது. தாலி ஆயர் வாய்க்காலில் இறங்கினால் பாட்டி ரோத்தானோடு வந்து கரையேற்றுவார். அப்படி வளர்ந்தவர்கள் இன்று சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்துவைத்துப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். சிக்கல் என்னவென்றால், பந்துத் திடலில் கற்ற பழக்கத்தையும் பரீட்சை முடிவு நாளில் கற்ற பழக்கத்தையும் அப்படியே குளக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 2021-ல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். எத்தனை ‘ஏ’ என்று கேட்டுக்கொண்டிருந்த வாய்கள் இப்போது எத்தனை செகண்டு என்று கேட்கின்றன. அந்தக் கரையில் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: “நாம சத்தம் போட்டாத்தான் பிள்ளைக்கு வேகம் வரும்.”

பிள்ளையின் காதைத் தொப்பி மூடியிருக்கிறது. தலை தண்ணீருக்குள். சொந்தக் கையும் காலும் எழுப்பும் இரைச்சல் வேறு. ஃப்ரீஸ்டைலில் மூச்சுக்காக முகம் ஒரு கணம் பக்கவாட்டில் திரும்பும், அதற்குள் அடுத்த கை வந்துவிடும். அந்த இடைவெளியில் கேட்பது வெறும் ‘ஹோ’ என்ற ஒலிதான். “காலை அடி! முட்டியை மடக்காதே!” என்று அப்பா தொண்டை கிழியக் கொடுக்கும் பாடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத்தான் போய்ச் சேர்கிறது. அவருக்கு ஏற்கெனவே தலைவலி.

பயிற்சி நேரத்தில் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சொல்லப்படுவது மட்டும் கேட்டுவிடும். அங்கேதான் கெடுதல். 200 மீட்டரில் முதல் ஐம்பதை அடக்கி நீந்தச் சொல்லியிருப்பார் கோச். வேகமாகத் தொடங்கினால் தசையில் களைப்பு சீக்கிரம் சேர்ந்து கடைசி ஐம்பதில் கை தூக்க வராது என்பது அவர் கணக்கு. அப்பாவோ தொடக்கத்திலிருந்தே “இழு, இழு” என்பார். பிள்ளை கோச் பேச்சைக் கேட்டால் வீட்டில் திட்டு, அப்பா பேச்சைக் கேட்டால் கடைசிச் சுற்றில் தவிப்பு. இரண்டு முதலாளிக்கு வேலை செய்கிறவன் படும் பாடு.

நீந்தி முடித்ததும் பல பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். நேரம் காட்டும் பலகையை அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பா முகத்தைத்தான். சத்தம் போய்ச் சேரவில்லை, முகம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இது எங்கேவரை போகும் என்பதை உலகமே பார்த்திருக்கிறது. 2007-ல் மெல்பர்னில் நடந்த உலக நீச்சல் போட்டியின்போது உக்ரைன் வீராங்கனை ஒருவரோடு அவருடைய தந்தையே கைகலப்பில் இறங்கியது கேமராவில் பதிவானது. அவர்தான் பயிற்சியாளரும்கூட. போட்டி அரங்குக்குள் வரும் அனுமதி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. நம் பக்கத்தில் அந்த அளவுக்கு யாரும் போவதில்லை என்று சொல்லலாம். கார் கதவைச் சாத்திய பிறகு வீடு வரை நடக்கும் விசாரணையை எந்தக் கேமராவும் எடுப்பதில்லை.

நம்பிக்கை: “நடு லேன் எல்லாம் வேண்டியவங்க பிள்ளைக்கு. நம்ம பிள்ளைக்கு எப்பவும் ஓரம்.”

குளக்கரைச் சண்டைகளில் நீண்ட நாள் ஓடுவது இதுதான். உண்மையில் லேனை யாரும் பரிசாகக் கொடுப்பதில்லை. போட்டிக்குப் பதியும்போது கொடுத்த நேரத்தைப் பார்த்து அடுக்குகிறார்கள். எட்டு லேன் உள்ள குளத்தில் மிக வேகமான நேரம் உள்ளவருக்கு நான்காவது லேன். அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6, 2, 7, 1, கடைசியாக 8. ஆறு லேன் என்றால் மூன்றில் தொடங்கும். உலகப் போட்டியிலும் இதே முறைதான். ஓர லேனில் நிற்கும் பிள்ளை அந்தச் சுற்றில் மெதுவான நேரம் பதிந்தவர், அவ்வளவே. நேரமே எழுதாமல் பாரத்தைக் கொடுத்தால் எல்லோரிலும் மெதுவானவராக வைத்துவிடுவார்கள். அந்தப் பாரத்தைக் கடைசி நாள் இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பியது யார் என்று கேட்டால் சில வீடுகளில் அமைதி நிலவும்.

இதைத் தெரிந்துகொண்டு, இல்லாத வேகத்தை எழுதிக்கொடுத்து நடு லேன் வாங்கும் புத்திசாலிகளும் உண்டு. அந்தப் பிள்ளை தன்னைவிட வேகமானவர்களுக்கு நடுவே மாட்டி, எல்லோரும் சுவரைத் தொட்ட பிறகு, ஊரே பார்க்க ஒற்றையாக நீந்தி வரும்.

கூடவே இன்னொன்று. பல வயதுப்பிரிவுப் போட்டிகளில் தனியாக இறுதிச் சுற்று கிடையாது. எல்லாச் சுற்றுகளின் நேரத்தையும் சேர்த்து வரிசைப்படுத்திப் பதக்கம் கொடுப்பார்கள். இரண்டாவது சுற்றில் முதலாவதாக வந்த பிள்ளை மொத்தத்தில் பதினான்காவதாக இருக்கலாம். “என் மகன்தானே முதல்ல வந்தான், மெடல் எங்கே?” என்று மேசையைத் தட்டுவதற்கு முன் சுவரில் ஒட்டியிருக்கும் முடிவுத் தாளைப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: “நம்ம பிள்ளைன்னு பார்த்துத்தான் டிஸ்குவாலிபை பண்ணிட்டாங்க.”

இதைச் சொல்பவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. ஒதுக்கப்பட்ட அனுபவம் இங்கே பலருக்கும் உண்டு, அது கற்பனை அல்ல. அதனால் சந்தேகம் முதலில் அங்கே போகிறது. ஆனால் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகுதி நீக்கங்களுக்கு வழக்கமான காரணங்கள் வேறு. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். களைத்த பிள்ளை ஒரு கையால் தொட்டுவிடும். தொடக்க ஒலிக்கு முன் பாய்ந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. மல்லாந்து நீந்தும்போது புறப்பட்ட பின்னும் திரும்பிய பின்னும் 15 மீட்டருக்குமேல் தண்ணீருக்குள் போகக்கூடாது. மேலே உட்கார்ந்து கைப்பேசியில் படமெடுப்பவருக்கு இதில் பாதி தெரியாது. சுவரோரம் நிற்கும் நடுவருக்குத் தெரியும்.

நடுவர் பார்த்ததைத் தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கோச்சிடம் போய், “என்ன எழுதியிருக்காங்க, கோச்?” என்று கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். உண்மையிலேயே தவறு என்றால் அணியின் பொறுப்பாளர் எழுத்தில் முறையிடலாம். அனைத்துலக விதிப்படி முப்பது நிமிடத்துக்குள். அந்த உரிமை பெற்றோருக்கு இல்லை.

எழுத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கைப் பார்க்கலாம். 200 மீட்டர் மல்லாந்து நீச்சலில் முதலாவதாக வந்த அமெரிக்கர் ஏரன் பியர்சோலைத் திரும்பும் முறை சரியில்லை என்று தகுதி நீக்கினார்கள். சிறிது நேரத்தில் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவர் எழுதிய விளக்கம் போதவில்லை, உரிய மொழியிலும் இல்லை என்பது காரணம். கரையிலிருந்து யாரும் கத்தியதால் அது நடக்கவில்லை.

நம்பிக்கை: “பத்து வயசுல மெடல் வாங்கலேன்னா அப்புறம் எப்போ?”

உடனே எடுத்துக்காட்டும் வரும். 1985 பேங்காக் சீ விளையாட்டில் நூருல் ஹூடா அப்துல்லா 13 வயதில் ஏழு தங்கம் வாங்கவில்லையா? வாங்கினார். மைக்கல் ஃபெல்ப்ஸ் பத்து வயதில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் வைத்த அமெரிக்க வயதுப்பிரிவுச் சாதனை 1995 முதல் 2018 வரை நிற்கவில்லையா? நின்றது. இந்த இரண்டு பெயரும் நினைவில் நிற்பதே அவர்கள் விதிவிலக்கு என்பதால்தான்.

அமெரிக்க நீச்சல் அமைப்பு தன் பழைய பட்டியல்களைப் புரட்டியது. பத்து வயதுக்குட்பட்டோரில் எக்காலத்துக்குமான முதல் நூறு வரிசையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் 17–18 வயதிலும் அந்த வரிசையில் இருந்தார். அந்த வயதில் மேலே நின்றவர்களில் பாதிப் பேர் சிறுவயதுப் பட்டியல் எதிலும் இல்லாதவர்கள். காரணம் பெரிய ரகசியமில்லை. சில பிள்ளைகளின் உடம்பு சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது. பதினோரு வயதில் தோளும் கையும் நீண்டவன் ஜெயிக்கிறான். நான்கு வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பருவமடையும் வயதில் நேரம் சில மாதம் அசையாமல் நிற்பதுண்டு. அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்கிறார். 2016, 2020 ஒலிம்பிக் இரண்டிலும் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தங்கம் வென்ற பிரிட்டனின் ஆடம் பீட்டி, சின்ன வயதில் குளியல் தொட்டியில் இறங்கவே பயந்தவர்.

நடிகர் மாதவன் கதையும் குளக்கரையில் அடிக்கடி வரும். கோவிட் காலத்தில் மும்பையில் பெரிய குளங்கள் மூடிக் கிடந்ததால் மகன் வேதாந்தின் பயிற்சிக்காகக் குடும்பமே துபாய்க்குப் போனது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த மலேசிய அழைப்பு வயதுப்பிரிவுப் போட்டியில் வேதாந்த் ஐந்து தங்கம் வாங்கினார். “பார்த்தீங்களா அண்ணே, பெத்தவங்க முழுசா இறங்கினாத்தான்!” என்று அதற்கு உரை எழுதுகிறார்கள். அந்தப் பெற்றோர் தேடிப் போனது ஐம்பது மீட்டர் குளத்தை. நமக்கும் குறைவது அதுதான். அதை மாவட்டத்திடம் கேட்டு மனுப்போட இதே கூட்டத்தில் கையெழுத்து வாங்கிப் பாருங்கள், எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று.

சில நம்பிக்கைகளை ஓரிரு வரியில் முடித்துவிடலாம். அப்பாவின் கையிலுள்ள ஸ்டாப்வாட்ச்: தொடக்க மேடைக்கு ஐம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் தொடக்க ஒலி உங்களை வந்து சேரவே 0.15 செகண்டு ஆகும். விரல் அழுந்த இன்னும் கொஞ்சம். ஆகவே உங்கள் கடிகாரம் பிள்ளையை உள்ளதைவிட வேகமாகவே காட்டும். அதை வைத்துக்கொண்டு அதிகாரிகளோடு வாதாட வேண்டாம். பல நூறு ரிங்கிட் நீச்சலுடை: அமெரிக்காவில் 2020 செப்டம்பர் முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அந்த வகை உடையைப் போட்டிகளில் அணிவதையே தடுத்துவிட்டார்கள். நீந்தினால் உயரம் கூடும் என்பது: உயரமானவர்கள் நீச்சலில் ஜெயித்து மேலே போகிறார்கள், அதைத் திருப்பிப் படித்துவிட்டோம்.

“மெடல் இருந்தா யூனிவர்சிட்டி இடம்” என்ற கணக்கும் பாதிதான் சரி. அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்குப் படிப்புக்கு 90, புறப்பாடத்துக்கு 10. அந்தப் பத்துக்குள் சங்கம், சீருடை இயக்கம், பதவி எல்லாம் வந்துவிடும். அதுவும் இடைநிலைப்பள்ளியின் மேல்படிவங்களில் செய்தவற்றுக்குத்தான். நான்காம் ஆண்டுப் பிள்ளையின் வெண்கலம் அங்கே செல்லாது.

நம்பிக்கை: “பொம்பளப் பிள்ளை கறுத்துப்போயிடும், தோள் அகலமாயிடும்.”

தன் மகளைப் பற்றிச் சொல்வதோடு இது நிற்பதில்லை. அடுத்தவர் மகள் தண்ணீரிலிருந்து ஏறி வரும்போது அவள் காதுபடச் சொல்கிறார்கள். குளக்கரைத் தொல்லைகளில் எனக்குப் பொறுக்கவே முடியாதது இது. வெயிலில் தோல் நிறம் மாறும், உண்மை. வெயிலுக்கு முன் பயிற்சியும், வெயில் தடுப்புக் களிம்பும், நீளக்கை உடையும் அதற்குப் போதும். உடம்பு மறைய வேண்டும் என்றால் கெடாவில் மலாய்ப் பிள்ளைகள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடையில் தினமும் நீந்துகிறார்கள். வாரம் சில நாள் நீந்துவதால் எலும்பு அகலமாகிவிடாது. தசை இறுகும், அதில் குறையென்ன? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நம் பெண்கள் குளத்திலிருந்து காணாமல் போவதற்குப் பெரிதும் இந்தப் பேச்சுதான் காரணம் என்பது என் கணிப்பு. 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் தங்கம் வாங்கிய சிவசங்கரி சுப்பிரமணியம் கெடா பெண். அவர் தோளை யாரும் அளந்ததாகச் செய்தி இல்லை.

கடைசி நம்பிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. “நம்ம பையன் ஸ்கூல் டீம்ல இருக்கான், ஆத்துல அவனுக்கு ஒண்ணும் ஆகாது.” குளத்தில் நொடிக்கு நொடி கண்ணெடுக்காத அதே அப்பா, திதி ஹாயூனிலோ துப்பாவிலோ ஆற்றுப் பாறைமேல் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். குளத்தில் தரை தெரியும், கோடு தெரியும், பிடிக்கச் சுவர் இருக்கும், கரையில் உயிர்காப்பாளர் இருப்பார். ஆற்றில் இவை எதுவும் இல்லை. 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. கெப்பாலா ஆயர் என்னும் இந்தத் திடீர் வெள்ளம் வரும்போது நம் தலைக்குமேல் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம், மழை பெய்தது மலை உச்சியில். தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், மேலே இரைச்சல் கேட்டால், துண்டையும் செருப்பையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு உடனே மேட்டுக்கு ஏற வேண்டும்.