ஹை ஆக்டேன்: பெட்ரோலில் பிறந்த சொல்

சினிமா விளம்பரங்களைப் பாருங்கள். "ஹை ஆக்டேன் சண்டைப் படம்" என்று போடுகிறார்கள். கிரிக்கெட் வர்ணனையிலும் இந்தச் சொல் வருகிறது. ஹை என்றால் உயர்ந்த. சரி, ஆக்டேன் என்றால் என்ன? பத்துபஸ்தி வகுப்பில் ஓர் அண்ணன், "அது நடிகர் பெயரா?" என்று கேட்டார். இல்லை. அது பெட்ரோலைச் சேர்ந்த சொல்.

ஆக் – டேன். பிரித்துப் படியுங்கள். 'ஆக்டோ' என்றால் கிரேக்க மொழியில் எட்டு. அக்டோபரும் இப்படி வந்த பெயர்தான். ரோமானியரின் பழைய நாள்காட்டியில் அது எட்டாவது மாதம். ஆக்டேன் என்ற எண்ணெயின் ஒவ்வொரு துகளிலும் எட்டுக் கரி அணுக்கள் உண்டு.

ஸ்கூட்டர் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது? பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் அதை அழுத்தும். பிறகு பிளக் தீப்பொறி விடும். கலவை எரியும். வண்டி ஓடும்.

அதிகமாக அழுத்தினால் அதிகச் சக்தி கிடைக்கும். ஆனால் சில பெட்ரோல் அழுத்தம் தாங்காது. அதில் ஒரு பகுதி தானாகவே வெடித்து எரிந்துவிடும். எஞ்சினில் 'டக் டக்' என்று சத்தம் வரும். எஞ்சின் கெடும்.

இதை அளக்க 1920-களில் அமெரிக்காவில் ஓர் எண் முறை வந்தது. ஒருவகை ஆக்டேனுக்கு 100 என்று வைத்தார்கள். எளிதில் வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0. எண் உயர்ந்தால் பெட்ரோலுக்குப் பொறுமை அதிகம். அவ்வளவுதான்!

1940-இல் பிரிட்டனின் போர் விமானங்கள் 100 ஆக்டேன் பெட்ரோலில் பறந்தன. அந்த எஞ்சின்கள் அதிக அழுத்தத்தில் ஓடின, வேகம் கூடியது. இப்போது பரபரப்பான எதற்கும் மக்கள் 'ஹை ஆக்டேன்' என்று சொல்கிறார்கள். வேடிக்கைதான். பொறுமையான பெட்ரோலின் பெயர் பரபரப்புக்குப் போய்விட்டது.

நம்மிடமும் இப்படி உண்டு. மரம் அறுப்பவர்கள் 'வைரம் பாய்ந்த கட்டை' என்பார்கள். உறுதியான தாத்தாவையும் நாம் அப்படியே சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லால் யாருக்கும் காசு நஷ்டம் இல்லை.

இதில் உண்டு. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை விற்க ஆரம்பித்தது. டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அன்று சாதாரண பெட்ரோல் சுமார் 82 ரூபாய். அதிக அழுத்தம் உள்ள விலை உயர்ந்த வண்டிகளுக்கு அது தேவைப்படலாம். சாதாரண பெட்ரோலுக்காகச் செய்த ஸ்கூட்டரில் அதை ஊற்றினால் வேகம் கூடாது. பை மட்டும் இளைக்கும். டீசல் வண்டிக்கு இந்தக் கணக்கே கிடையாது.

பயிற்சி: உங்கள் வண்டியின் கையேட்டை எடுங்கள். எந்த ஆக்டேன் எண் என்று தேடிப் படியுங்கள். நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பங்க்கில் "எது போடட்டும்?" என்று கேட்டால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.