முதலில் விளக்கைப் பார்

கடந்த விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு கணினி உருவானது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை நானும் தம்பியும் பூட்டினோம். கட்டாரில் வேலை செய்யும் நானா வீடியோ அழைப்பில் சொல்லித்தர, தாய்ப்பலகையில் முறைவழி அலகையும் நினைவகத்தையும் பொருத்தினோம். பென்ட்ரைவிலிருந்து விண்டோஸையும் நிறுவினோம். திரை ஒளிர்ந்ததைப் பார்த்து உம்மா எல்லோருக்கும் தேநீர் ஊற்றித் தந்தார்.

அந்த மகிழ்ச்சி அரை மணித்தியாலம்கூட நிலைக்கவில்லை. ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைச் செருகினேன், இணையம் வரவில்லை. திங்கட்கிழமை தகவல் தொழினுட்பப் பாடச் செயற்றிட்டத்தை ஒப்படைக்க வேண்டும். வாப்பா பல மாதங்களாகச் சேர்த்த பணம் அந்தக் கணினியில் இருந்தது. பூட்டும்போது நான்தான் எதையோ பழுதாக்கிவிட்டேனோ என்ற பயம். அந்தப் பயத்தில் தம்பி மீது பாய்ந்தேன். "கதிரையை இழுத்து வயர் மேல வச்சது நீதானே!" அவன் பதில் சொல்லாமல் அறையை விட்டுப் போனான். பாகங்கள் வாங்கிய கடைக்கு வாப்பா பேசினார். தாய்ப்பலகையில்தான் கோளாறு இருக்கும், கழற்றிக் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

மஃரிபுக்குப் பிறகு நானா மீண்டும் அழைத்தார். "ஒன்டையும் கழட்டாதே தங்கச்சி. கீழே இருந்து படிப்படியாப் பார். ஒரு நேரத்துல ஒன்டை மட்டும் மாத்து. முதல்ல விளக்கைப் பார்" என்றார்.

உயர்தர வகுப்பில் படிக்கும் தோழியருக்கு ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகள் நினைவிருக்கும். 1984இல் வெளியான அந்த மாதிரியின் அடியில் இருப்பது பௌதிக அடுக்கு. அதாவது கேபிளும் அதில் ஓடும் மின்சமிக்ஞையும். பரீட்சைக்காக மனனம் செய்த அந்த வரிசைதான் கோளாறு தேடும் வரிசையும் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

முதற்படி, கேபிள். கேபிளைச் செருகும் துளையின் ஓரத்தில் சிறிய விளக்குகள் இருக்கும். கணினியிலும் ரவுட்டரிலும் அவை எரிந்தால், இரு முனைகளும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன என்று பொருள். எங்கள் வீட்டில் இரண்டும் எரிந்தன. கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் உண்டு. செக்கனுக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு கம்பிகள் போதும். 1 கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஆகவே ஒரு கம்பி அறுந்தால், சில வேளை இணைப்பு அறாமல் வேகம் மட்டும் குறையும்.

இரண்டாம் படி, மாற்றிப் பார்த்தல். அதே கேபிளை வாப்பாவின் பழைய மடிக்கணினியில் செருகினேன். உடனே இணையம் வந்தது. அப்படியானால் கேபிளில் பிழையில்லை, ரவுட்டரிலும் பிழையில்லை. தம்பியிலும் பிழையில்லை.

மூன்றாம் படி, செலுத்தி. வன்பொருளோடு எப்படிப் பேசுவது என்பதை இயங்குமுறைமைக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் அது, ட்ரைவர் என்போம். புதிய கணினியில் 'டிவைஸ் மெனேஜர்' பகுதியைத் திறந்தேன். 'ஈதர்நெட் கொன்ட்ரோலர்' என்ற பெயருக்கு அருகில் மஞ்சள் முக்கோணம். எங்கள் தாய்ப்பலகையில் இருந்தது 2.5 கிகாபிட் வேகமுள்ள புதுவகை வலையமைப்புச் சில்லு. நாங்கள் நிறுவிய விண்டோஸ் பதிப்பில் அதற்குரிய செலுத்தி இருக்கவில்லை. இணையம் இருந்தால் விண்டோஸே அதைத் தேடி எடுத்திருக்கும். ஆனால் இணையம் வருவதற்கே அந்தச் செலுத்தி வேண்டும்! வாளியும் கயிறும் ஒன்றாகக் கிணற்றுக்குள் விழுந்த கதைதான்.

நானா வழி சொன்னார். உம்மாவின் கைப்பேசியை யூஎஸ்பி வயரால் கணினியில் இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' வசதியை இயக்கினேன். கைப்பேசியின் டேட்டா கணினிக்கு வந்தது. தாய்ப்பலகைப் பெட்டியில் அச்சிட்டிருந்த மாதிரி இலக்கத்தைப் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து செலுத்தியை இறக்கி நிறுவினேன். வேறொரு கணினியில் இறக்கி, பென்ட்ரைவில் கொண்டுவந்தும் இதைச் செய்யலாம். மஞ்சள் முக்கோணம் மறைந்தது.

நான்காம் படி, முகவரி. கட்டளைத் திரையில் 'ஐபிகொன்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சிட்டால் கணினியின் ஐபி முகவரி தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி வழங்கவில்லை என்று கொள்ளலாம். எங்களுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி கிடைத்தது. அது ரவுட்டர் தந்தது. பிறகு 'பிங்' கட்டளையால் முதலில் ரவுட்டரையும், அடுத்து 8.8.8.8 என்ற வெளிமுகவரியையும் அழைத்துப் பார்த்தேன். இரண்டும் பதில் தந்தன. இலக்க முகவரி பதில் தந்தும் தளங்களின் பெயர்கள் மட்டும் திறக்காவிட்டால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையைப் பார்க்க வேண்டும். புதுக் கணினியின் திகதியையும் கவனியுங்கள். அது தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும்.

மொத்தம் ஒரு மணித்தியாலம்தான் சென்றது. தாய்ப்பலகையைக் கழற்றவும் இல்லை, கடைக்குப் போகவும் இல்லை. வாப்பா கடைக்கு அழைத்து, வரவில்லை என்று சொன்னார்.

நான் தம்பியைத் தேடிப் போனேன். அவன் முற்றத்துப் படியில் உட்கார்ந்திருந்தான். "வயர்ல ஒரு பிழையும் இல்ல. பார்க்காமலே உன்னை ஏசிட்டேன், மன்னிச்சுக்கோ" என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என்ன பிழை?" என்று கேட்டான். கையைப் பிடித்து அழைத்து வந்து, முதற்படியிலிருந்து எல்லாவற்றையும் காட்டினேன். திங்கட்கிழமை செயற்றிட்டத்தையும் ஒப்படைத்தேன்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் கடைக்கு ஓடுமுன், யாரையும் ஏசுமுன், அந்தச் சிறு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். கண்டதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். கோளாறு எந்தப் படியில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.